றங்குப் பெட்டிக் கடிதங்களும் அம்மம்மாவின் கதையும்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் கிடக்கும் பழைய கடிதம், போட்டோ, கசற், வயதானவர்களின் நினைவு. இவற்றை எப்படிக் காப்பது என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்விகளையும் என்னுடைய பதில்களையும் இங்கே தந்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை சொன்னவருக்கே சொந்தம். பதிவு செய்கிறவர், ஸ்கான் பண்ணுகிறவர், ஆவணகம் எல்லோரும் அவருக்குப் பிறகுதான்.

எங்கள் குடும்பத்தில் பெரிய ஆட்கள் யாரும் இல்லை. வெள்ளாமை செய்தவர்கள், கடலுக்குப் போனவர்கள். சேர்த்து வைக்க என்ன இருக்கிறது?

மட்டக்களப்பைப் பற்றி அரசாங்கக் காகிதம் ஏராளம். ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. கோட்டைக்குள் இருந்த கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதப்பட்டவையும் நிறைய. காணி, வரி, வருமானம், உத்தியோகத்தர் பெயர் எல்லாம் அவற்றில் கிடைக்கும். ஆனால் ஒரு வட்டையில் (வயல்வெளியில்) தண்ணீர்ச் சண்டை வந்தால் வயல் வேலைகளைக் கவனிக்கும் வட்டவிதானை அதை என்ன சொல்லித் தீர்த்தார், மருதமுனையில் தறியில் இருந்தவருக்கு ஒரு சாறனுக்கு என்ன கூலி, வாகரைப் பக்கத்து வேடர் குடும்பங்களில் பிள்ளைக்கு எந்தப் பாட்டுப் பாடினார்கள் என்பதெல்லாம் அங்கே ஏறவில்லை. இதெல்லாம் உங்கள் வீட்டு ஆட்களின் வாயில்தான் இருக்கிறது.

பொருட்கள் என்று பார்த்தால், சாதக ஓலை, காணி உறுதி, கல்லோயாக் குடியேற்றத் திட்டத்துக் காணிப் பேர்மிட், கூப்பன் புத்தகம், பள்ளிக்கூட றிப்போட், கடைக் கணக்குக் கொப்பி, செத்த வீட்டு நினைவு மலர். இவற்றில் ஒன்றிரண்டாவது இல்லாத வீடு குறைவு. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் இருந்த வீடென்றால் கூத்துக் கொப்பியைத் தேடுங்கள். அதன் ஓரங்களில் யார் எந்த வேசம் கட்டினார், அரங்கேற்றம் எந்தக் கோயில் வாசலில் நடந்தது என்று பென்சிலால் குறித்திருப்பார்கள். கூத்துப் பாட்டு வேறு கொப்பியிலும் கிடைக்கக்கூடும். ஓரத்துக் குறிப்பு அந்த ஒரு கொப்பியில்தான்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். தமிழர், முஸ்லிம் இரு பகுதியிலும் இதுதான் வழக்கம். எனவே பழைய காகிதம் தேடுகிறவர் அப்பாவின் ஊருக்கு ஓடுவதற்கு முன் மூத்த மகள் வழியாக வந்த வீட்டில் பாருங்கள். குடும்ப மரம் வரையும்போதும் தாய்வழியில் தொடங்குங்கள். எந்தக் குடி (குலம்) என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வார்கள்.

முதலில் எதைச் செய்வது? கடிதங்களையா, ஆட்களையா?

ஆட்களை. கடிதம் காய்ந்த பெட்டிக்குள் இன்னும் பத்து வருடம் கிடக்கும். எண்பது வயது தாண்டியவரிடம் அடுத்த லீவில் கேட்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் எதுவுமே மிஞ்சவில்லை. சுனாமியில் எல்லாம் போய்விட்டது. இனி என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளோடு பெட்டிகளையும் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலிருந்து கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் வரை கரையோர வீடுகள் அழிந்தன. இலங்கையிலேயே அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000க்கு மேல். உயிர் போன இடத்தில் அல்பத்தைப் பற்றிக் கவலைப்படக் கூச்சமாக இருக்கும். ஆனால் ஆறேழு மாதம் போனதும், பிள்ளையின் ஒரு படமாவது கிடைக்காதா என்று தாய்மார் வீடு வீடாகக் கேட்டுத் திரிந்ததை ஊரே கண்டது.

உங்கள் வீட்டில் போனது வேறு வீட்டில் இருக்கலாம். கலியாண வீட்டில் எடுத்த படம் மாப்பிள்ளை வீட்டிலும் பொம்பிளை வீட்டிலும் இருக்கும், வெளிநாட்டிலுள்ள சித்திக்கும் ஒரு பிரதி போயிருக்கும். பள்ளிக்கூடக் குழுப் படம் கூடப் படித்தவர்களிடம் இருக்கும். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய காகிதத்தில் கல்முனையும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்பு மாவட்டம் என்றே இருக்கும், தேடும்போது இதை மறக்க வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயில் பதிவேட்டையும் பார்க்கலாம். மெதடிஸ்த மிசன் 1814இலேயே மட்டக்களப்புக்கு வந்துவிட்டது.

அப்புறம், தண்ணீர் மட்டும்தான் எங்கள் கடிதங்களைத் தின்றது என்று சொல்ல முடியாது. நாங்களே எரித்தோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சுற்றிவளைப்புச் சோதனை என்று கேட்டாலே அடுப்படிக்கு ஓடி ஆயுத இயக்கத்துக்குப் போன பிள்ளையின் படத்தை, வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்தை, யாரோ எழுதிக் கொடுத்த கவிதைக் கொப்பியை நெருப்பில் போட்ட வீடுகள் எத்தனையோ. சிலர் போத்தலில் போட்டு வளவுக்குள் புதைத்தார்கள். மாறி மாறி வெவ்வேறு ஆட்களுக்குப் பயந்ததால் வெவ்வேறு காகிதம் வெவ்வேறு காலத்தில் அழிந்தது. எனவே நேர்காணலில் “என்ன வைத்திருக்கிறீர்கள்” என்பதோடு “எதை எரித்தீர்கள், அதில் என்ன இருந்தது” என்றும் கேளுங்கள். இல்லாத போட்டோவைக் கண்ணால் பார்க்கிற மாதிரி விவரிப்பார்கள். என்ன சட்டை, யார் பக்கத்தில், எந்த ஸ்டூடியோ. அந்த விவரிப்பைப் பதிவு செய்துவிட்டால் குடும்பத்திடம் அந்தப் படத்தின் ஒரு பகுதி மீண்டும் வந்துவிடுகிறது.

அம்மம்மாவிடம் கேட்டால் “அதெல்லாம் இப்ப என்னத்துக்கு மகன், மறுகா சொல்றன்” என்கிறார். எப்படிப் பேச வைப்பது?

முதல் நாள் போனை வெளியே எடுக்காதீர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுச் சும்மா கதையுங்கள், எதைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள், யார் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். இரண்டாம் நாள் ஒரு பழைய படமோ பொருளோ கொண்டுபோங்கள். “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்றால் வாய் அடைத்துவிடும். “இந்த வீட்டுக்கு முதல் இந்த வளவில் என்ன இருந்தது?” என்று கேட்டால் கிணறு, முருங்கை, மச்சாள் விழுந்த இடம் என்று ஒவ்வொன்றாக வரும்.

ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியைத் தவிருங்கள். “கஷ்டமாக இருந்ததா?” என்றால் “ஓம்” என்பார், கதை முடிந்தது. “அன்றைக்கு விடிய எழும்பினதிலிருந்து சொல்லுங்கள்” என்று கேளுங்கள். சூடு மிதிக்கும் களவெட்டியில் யார் பொலிப் பாட்டுப் பாடினார்கள், வயல் வாடியில் இரவு என்ன சமைத்தார்கள், கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு வீட்டில் என்ன செய்தார்கள், முதன்முதல் ஆற்றுக்கு (வாவிக்கு) அந்தப் பக்கம், மேற்குக் கரையான படுவான்கரைக்கு எப்போது போனார்கள். கையும் காலும் செய்த வேலையைக் கேட்டால் நினைவு நன்றாக வரும்.

அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். அடுத்த கேள்வியை உடனே போடாதீர்கள். சும்மா இருந்து பாருங்கள், நல்ல பகுதி பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் போதும். களைத்த பிறகு கேட்பது மரியாதையும் இல்லை, பலனும் இல்லை. பக்கத்தில் மகள், மருமகள் இருந்தால் கதை மாறும், சில நேரம் அவர்கள் எடுத்துக்கொடுப்பதால் நல்லதற்கும் மாறும். ஒரு தடவை தனியாக, ஒரு தடவை எல்லோரோடும் வைத்துப் பாருங்கள்.

வருடமே சொல்கிறார் இல்லை. இதை வரலாறு என்று சொல்ல முடியுமா?

வருடத்தை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஆட்களிடம் வேறு நாட்காட்டி இருக்கிறது: 57 வெள்ளம், 78 சூறாவளி, 90 வன்செயல் (1990இல் போர் மீண்டும் வெடித்தபோது நடந்தது), சுனாமி. “சூறாவளிக்கு முதலா பிறகா? அப்போது மூத்தவர் பிறந்துவிட்டாரா? வெள்ளாமை விதைச்சிருந்ததா, வெட்டி முடிஞ்சதா?” இந்த மூன்று கேள்வியில் ஒரு சம்பவத்தை ஆறு மாதத்துக்குள் கொண்டுவரலாம். பிறகு சாதகத்தோடும் அத்தாட்சிப் பத்திரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அவரைத் திருத்த வேண்டாம். இரண்டையும் குறித்து வையுங்கள்.

90ஆம் ஆண்டைப் பற்றி, காணாமற் போனவர்களைப் பற்றிக் கேட்கலாமா?

அவரே தொடங்கினால் கேட்டுக்கொண்டிருங்கள். நீங்களாகக் கதவைத் தள்ளாதீர்கள்.

கிழக்கில் காணாமற் போனவரின் தாயோ மனைவியோ அந்தக் கதையைப் பொலிஸில், முகாம் வாசலில், செஞ்சிலுவைச் சங்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆணைக்குழுக்களில், பிறகு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் என்று சொல்லிச் சொல்லிக் களைத்தவர். எல்லோரும் அவரிடம் கேட்டது ஒரே நாளை. எத்தனை மணி, என்ன உடுப்பு, யார் கொண்டுபோனது. அந்தப் பிள்ளை அதற்கு முதல் இருபது வருடம் எப்படி வாழ்ந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன கறி பிடிக்கும், எந்தப் பாட்டை முணுமுணுப்பான், பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, முதல் சம்பளத்தில் என்ன வாங்கி வந்தான். குடும்பத்துப் பதிவு இதைத்தான் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வழக்குக்கான சாட்சியம் வேறு வேலை. அதற்குச் சட்டத்தரணியும் பாதுகாப்பும் வேண்டும், போன் ரெக்கோடிங்கை அதோடு குழப்பக்கூடாது.

அழுதால் ரெக்கோடிங்கை நிறுத்தவா என்று கேளுங்கள், அவர் சொல்கிறபடி செய்யுங்கள். மற்றவரைப் பற்றிச் சொன்ன பெயர், இடம் இன்றைக்கும் யாருக்காவது ஆபத்தாகலாம் என்று பட்டால் அந்தப் பகுதியைப் பூட்டி வையுங்கள். கேட்டு முடிந்ததும் எழும்பி ஓடிவிட வேண்டாம். கொஞ்ச நேரம் வேறு கதை கதைத்துவிட்டு, மறுநாள் ஒருதடவை போய்ப் பாருங்கள்.

அவரிடம் இருக்கும் அசல் காகிதங்கள், அதாவது முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, எந்தக் காரணத்துக்காகவும் வீட்டை விட்டுப் போகக்கூடாது. அங்கேயே படம் எடுத்துவிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். பொலித்தீன் பையில் மடித்து, சேலைகளுக்கு அடியில் வைத்திருப்பார். மடிப்பு ஓரம் கிழியத் தொடங்கியிருக்கும். ஒரு நல்ல பைல் கவர் வாங்கிக் கொடுங்கள், காகிதத்தை விரித்து வைக்கட்டும்.

ஒரே சம்பவத்தைத் தமிழ் ஊரில் ஒரு மாதிரியும் முஸ்லிம் ஊரில் வேறு மாதிரியும் சொல்கிறார்களே?

சொல்வார்கள். 1990இல் இரண்டு பகுதியிலும் செத்த வீடுகள் உண்டு, இரண்டு பகுதியிலும் ஓடிய குடும்பங்கள் உண்டு. அவரவர் கண்டதை அவரவர் குரலில் பதிவு செய்யுங்கள். நேர்காணலுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், மற்ற ஊரார் சொன்னதைக் காட்டி மடக்கவும் வேண்டாம். ஆனால் சம்பவத்தோடு நிறுத்தாதீர்கள். அதற்கு முதல் யாருடைய வயலை யார் செய்தார்கள், பெருநாள் சாப்பாடு எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தது, பிரிந்த பிறகு யார் முதலில் சந்தைக்கு வந்தார்கள் என்றும் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

ரெக்கோட் பண்ண போன் போதுமா?

போதும். பிளைட் மோடில் போடுங்கள், முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் துணிமேல் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். கடற்கரைப் பக்கமென்றால் காற்றுக்கு மறைவான அறை. பாண் ஆட்டோ பாட்டோடு வந்தால் போகும்வரை பொறுங்கள். தொடக்கத்தில் திகதி, இடம், இருவர் பெயர், “பதிவு செய்யச் சம்மதமா” என்ற கேள்வியும் அவர் பதிலும் குரலிலேயே வரட்டும். கையெழுத்து வாங்குவதை நான் விரும்புவதில்லை, எங்கள் ஊரில் தெரியாத தாளில் கையெழுத்து வைப்பதென்றால் இன்னும் பயம் இருக்கிறது. ஆவணகத்துக்குக் கொடுப்பதானால் மட்டும் எழுத்தில் தேவைப்படும். வேவ் பைலாக 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் எடுத்தால் ஒற்றைத் தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 500 எம்பி வரும், இடம் இருந்தால் அதுவே நல்லது.

பேச்சை எழுதும்போது ஊர்த் தமிழிலா, எழுத்துத் தமிழிலா?

ஊர்த் தமிழில், அவர் சொன்னபடியே. முஸ்லிம் வீட்டு உம்மம்மா “வாப்பா வந்த” என்றால் “தந்தை வந்தார்” என்று மாற்றாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறு மணி நேரம் போகலாம். நேரமில்லாதவர்கள் எத்தனையாவது நிமிடத்தில் என்ன பேசினார் என்று ஒரு பக்கக் குறிப்பாவது எழுதுங்கள், அது இல்லாத ஒலிப்பதிவைப் பிறகு யாரும் திறக்க மாட்டார்கள்.

பழைய கடிதங்களை எப்படி வைப்பது?

நீல ஏரோகிராம் ஒன்றைக் கையில் எடுங்கள். மெல்லிய தாள், மூன்று மடிப்பு. “நலம், நலமறிய ஆவல்” என்று பெரிய எழுத்தில் தொடங்கி, இடம் முடிய முடிய எழுத்துச் சிறுத்து, கடைசியில் ஒட்டும் மடலிலும் ஓரத்திலும் குறுக்காக இரண்டு வரி. முக்கியமான சேதி அநேகமாக அந்தக் குறுக்கு வரியில்தான் இருக்கும்: யாருக்குக் காசு கொடுக்க வேண்டும், எவருக்குச் சொல்ல வேண்டாம். எனவே ஸ்கான் பண்ணும்போது எழுத்துள்ள பக்கத்தோடு நிறுத்தாமல் முத்திரை, தபால் குறி, மடல் எல்லாவற்றையும் எடுங்கள். கடிதத்துக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கு 600. போனில் எடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள்.

பிறகு கடிதத்தை விரித்து, கிளிப், ஊசி, றப்பர் பாண்ட் எல்லாம் கழற்றி, வெள்ளைத் தாள் உறைக்குள் வையுங்கள். குறிப்பைப் பென்சிலால் உறைமேல் எழுதுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் வேண்டவே வேண்டாம், மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். லமினேட் செய்வதும் பிழை, திரும்ப எடுக்க முடியாது. பெட்டி நிலத்தில் இருக்கக்கூடாது, வெளிச்சுவரோடு ஒட்டியும் இருக்கக்கூடாது. கறையான் சுவர் வழியாகத்தான் வரும். மாரி தொடங்குவதற்கு முன் கச்சான் காற்றுக் காலத்திலேயே ஒருதடவை திறந்து, நிழலில் காற்றுப்பட வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டது. வெயிலில் காயப் போடலாமா?

வேண்டாம், சுருண்டு வெடிக்கும். நிழலில், மின்விசிறிக்குக் கீழே, தாள் தாளாக. ஒட்டிய போட்டோக்களை இழுத்துப் பிரிக்காமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டு மெல்லப் பிரித்து, படம் மேலே பார்க்கக் காய வையுங்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அவ்வளவுக்குள் முடியாதென்றால் பொலித்தீனில் சுற்றி ஃபிரீசரில் வைத்துவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

சவூதியிலிருந்து உம்மா பேசி அனுப்பிய கசற் இருக்கிறது. வேலை செய்யுமா தெரியவில்லை.

பழைய பிளேயரில் சோதித்துப் பார்க்க வேண்டாம், நாடா சிக்கினால் போய்விடும். முதலில் பெட்டிக்குள் வெள்ளைப் பூஞ்சணம் தெரிகிறதா பாருங்கள். இல்லையென்றால் நல்ல நிலையிலுள்ள பிளேயர் ஒன்றைக் கண்டுபிடித்து, முதல் தடவை ஓடவிடும்போதே கணினிக்குப் பதிவு செய்யுங்கள். மத்திய கிழக்குக்குப் போன பெண்களில் எழுதத் தெரியாதவர்களுக்குக் கசற்தான் கடிதம். இங்கிருந்து திரும்பிப் போன கசற்றில் சேவல் கூவும், பாங்கு கேட்கும், “உம்மாவோட கதைடா” என்று யாரோ பிள்ளையைப் பிடித்துத் தள்ளுவார்கள். அந்தச் சத்தங்களை இரைச்சல் என்று நீக்கிவிடாதீர்கள்.

ஓலைச் சுவடி இருந்தால்?

கயிற்றை அவிழ்த்து வரிசையைக் குலைக்காதீர்கள், மஞ்சளோ எண்ணெயோ நீங்களாகப் பூசாதீர்கள். படம் எடுத்து வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எங்கே கொடுப்பது? கொடுத்தால் திரும்பி வருமா?

அசலை வீட்டில் வைத்துக்கொண்டு பிரதியைக் கொடுங்கள் என்பதே என் கருத்து. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில், எல்லோரும் இணையத்தில் பார்க்கும்படி, திறந்த அணுக்கத்தில் வைக்கிறது. கோயில் மலர், நினைவு மலர் போன்றவையும் அங்கே உண்டு. தேசிய சுவடிகள் திணைக்களம் 1973ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, தனியார் சேகரிப்புகளையும் ஏற்கிறது. யாருக்குக் கொடுத்தாலும் எழுத்தில் மூன்று விடயம் கேட்டு வாங்குங்கள்: யார் பார்க்கலாம், எப்போதிருந்து பார்க்கலாம், மனம் மாறினால் எடுத்துவிட முடியுமா. இருபது வருடம் பூட்டி வை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

உங்களுக்கென்று மூன்று பிரதி வையுங்கள். ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று இணையத்தில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம். கரையோரத்து இரண்டு வீட்டில் மட்டும் வைப்பது பிரயோசனமில்லை, ஏனென்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மாமா எழுதிய கடிதத்தை பேஸ்புக்கில் போடலாமா?

தாள் பெற்றவருக்கு, எழுத்து எழுதியவருக்கு. 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை அவர் குடும்பத்திடம் இருக்கும். சட்டத்தை விடுங்கள், கடிதத்தில் வேறு மூன்று பேரின் சீதனக் கதையும் நோய்க் கதையும் இருக்கும். அவர்களிடம் கேளுங்கள். கேட்க முடியாதென்றால் போடாதீர்கள், சேமித்து மட்டும் வையுங்கள்.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இங்கிருந்து என்ன செய்யலாம்?

உங்களிடமும் ஒரு பாதி இருக்கிறது. ஊரிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்கள். ஊரில் எரிந்த வீட்டின் கடிதம் உங்கள் அலுமாரியில் இருக்கலாம், முதலில் அதை ஸ்கான் பண்ணி ஊருக்கு அனுப்புங்கள். நேர்காணலுக்கு வீடியோ கோல் மட்டும் போதாது, இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஊரில் அக்காவின் மகனையோ மகளையோ பக்கத்தில் இருத்தி, அவர்களுடைய போனில் தனியாகப் பதிவு ஓட, நீங்கள் அங்கிருந்து கேளுங்கள். பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள், அவர்களைத் தடுக்க வேண்டாம். முடிந்ததும் முதல் பிரதியை அம்மம்மாவுக்கு ஒரு பென் ட்ரைவில் கொடுக்கச் சொல்லுங்கள். தொலைக்காட்சியில் போட்டுக் கேட்டுவிட்டு, “இந்த இடத்தை எடுத்துவிடு” என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள்.